"சயாம்" முத்திரை இருந்தால் 1939க்கு முந்தையதா? தாய்லாந்துப் பழைய வெள்ளிக்கு ஆண்டு கணிப்பது

#1 கருவெள்ளி

மூன்று பொருள்களுக்கு ஆண்டு வேண்டும். படம் ஏறவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன்.

முதலாவது நீள்வட்ட புரூச் (ஆடையில் குத்தும் நகை), நீளம் 48 மி.மீ. கறுப்புத் தரையில் வெள்ளி உருவம்: மேகத்தின்மேல் ஒரு பெண், தூக்கிய கையில் ஓர் உருண்டை. பின்பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு வரி, மேலே "சயாம்", கீழே "ஸ்டெர்லிங்". எழுத்துகள் தகட்டுக்குள் இறங்கியிருக்கின்றன. பட்டறைப் பெயர் இல்லை. ஊசி மாட்டும் கொக்கிக்கு உருளும் பூட்டு உண்டு.

இரண்டாவது கஃப்லிங்க் (சட்டைக் கைப்பட்டிப் பொத்தான்) ஜோடி. வெள்ளை எனாமல், நடன உருவம், "மேட் இன் தாய்லாந்து", "ஸ்டெர்லிங்".

மூன்றாவது மூடி போட்ட வட்டச் சிமிழ். கறுப்பும் பொன்பூச்சும். ஆங்கிலம் ஓர் எழுத்துகூட இல்லை. அடியில் தாய் எழுத்தில் ஒரு வரி, கூடவே நான்கு இலக்க எண்.

புரூச்சை "1939க்கு முன்" என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். நாட்டின் பெயர் அந்த ஆண்டு மாறியதுதான் அவர் காட்டும் ஒரே ஆதாரம். அது போதுமா?

#2 ஏலக்குறிப்பு

போதாது. இந்தத் துறையில் அதிகம் சொல்லப்படும் தவறு அதுதான்.

சயாம் என்ற பெயர் அதிகாரபூர்வமாகத் தாய்லாந்து ஆனது 1939 ஜூன் 24. போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் மறுபடி சயாம். 1949 மே மாதம் திரும்பவும் தாய்லாந்து, அதன்பின் மாறவில்லை. ஆக, அரசாங்கக் கணக்கிலேயே "சயாம்" இரண்டு காலத்துக்குப் பொருந்தும்.

வியாபாரக் கணக்கு இன்னும் தளர்வானது. வெளிநாட்டுக்காரர் காதில் சயாம் என்ற பெயருக்குத்தான் மவுசு. "சயாம் ஸ்டெர்லிங்" என்பது நாட்டின் பெயராக இல்லாமல் சரக்கின் பெயராகவே ஆகிவிட்டது. 1950களிலும் 60களிலும் அதன் பிறகும் பாங்காக் கடைகள் அந்த முத்திரையைத் தொடர்ந்து அடித்தன. இன்று சந்தையில் புழங்கும் "சயாம் ஸ்டெர்லிங்" நகைகளில் பெரும்பாலானவை போருக்குப் பிந்தியவை.

எதிர்ப்பக்கம் பார்த்தால் "தாய்லாந்து" என்ற சொல்லுக்கு ஓரளவு பலம் உண்டு. 1939 ஜூனுக்கு முன் அது இருக்க வழியில்லை. 1941 டிசம்பரில் பசிபிக் போர் தொடங்கியது. 1942 ஜனவரி 25 அன்று தாய்லாந்து பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. மேற்குக்குப் போகும் நகை வியாபாரம் அதோடு நின்றது. ஆகவே ஆங்கிலத்தில் "மேட் இன் தாய்லாந்து" இருந்தால் 1949க்குப் பின் என்று எடுப்பதே நடைமுறை. உங்கள் கஃப்லிங்க் அந்தப் பக்கம்.

சுருக்கமாக: "தாய்லாந்து" கீழ் எல்லை தரும். "சயாம்" எந்த எல்லையும் தராது.

#3 புதுவரவு

இங்கிலாந்து வெள்ளியில் ஆண்டுக்கு ஓர் எழுத்து அடிப்பார்களே, அதுபோல் இங்கே எதுவும் கிடையாதா?

#4 மாற்றுக்கல்

கிடையாது தம்பி. இங்கிலாந்தில் சோதனைச் சாலை பொருளை வாங்கிப் பார்த்து, தரம், ஊர், ஆண்டு என்று தனித்தனியாக அடித்துத் தருகிறது. சயாமில் அப்படி அரசு கட்டாயப்படுத்திய முறை இல்லை. "ஸ்டெர்லிங்" என்பது செய்தவர் தாமே கொடுக்கும் வாக்குறுதி, 1000க்கு 925 பங்கு வெள்ளி என்று. அதை வாங்கிச் சோதித்தவர் யாரும் இல்லை. வெறும் "சில்வர்" என்றிருந்தால் அந்த வாக்குறுதியும் இல்லை.

ஆங்கிலச் சொல் ஏன் அடித்தார்கள் என்றால் வாங்குபவருக்காக. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. 1930 சுங்கச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. 1906இல் வந்த அமெரிக்க முத்திரைச் சட்டம் "ஸ்டெர்லிங்" என்ற சொல்லுக்கு 925 தரத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டையும் சேர்த்தால் வருவதுதான் "சயாம் ஸ்டெர்லிங்". ஏற்றுமதிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஆனது. உள்ளூர்க்காரருக்கு விற்ற கிண்ணத்திலும் வெற்றிலைச் செல்லத்திலும் அது இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு பொருளைத் தள்ளிவிடாதீர்கள். பழைய நல்ல சரக்கு பலதிலும் ஆங்கிலம் இருக்காது.

"925" என்ற எண் தனியாகவோ "ஸ்டெர்லிங்" உடனோ வந்தால் பிந்திய காலம், பெரும்பாலும் 1970களுக்கு இப்பால். இது கச்சிதமான எல்லை அல்ல, சாய்வு மட்டும்.

#5 ஏலக்குறிப்பு

மாற்றுக்கல் சொன்ன 1906 சட்டத்துக்கு 1961 அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. தரமுத்திரை அடித்தால் பக்கத்தில் பொறுப்பேற்பவரின் வணிகச் சின்னமும் இருக்க வேண்டும் என்று. அதை வைத்து "பட்டறைப் பெயர் இல்லை, ஆகவே 1961க்கு முன்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்க வியாபாரி மொத்தமாக இறக்கும் சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தும். பாங்காக் கடையில் ஒரு சிப்பாய் ஒரு புரூச்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் எந்தச் சட்டம் கேட்கப்போகிறது? 1960களில் வியட்நாம் போர்க் காலத்தில் ஓய்வு விடுப்புக்கு பாங்காக் வந்த அமெரிக்கப் படையினர்தான் இந்த நகைகளின் பெரிய வாடிக்கை.

#6 கருவெள்ளி

எழுத்து வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா? பள்ளத்தில் இறங்கிய எழுத்து பழசு, சட்டத்துக்குள் மேலெழுந்த எழுத்து புதுசு என்று ஒருவர் எழுதியிருந்தார்.

#7 மாற்றுக்கல்

நம்ப வேண்டாம். முத்திரை உளி என்பது எஃகு. ஒழுங்காகப் பதப்படுத்தினால் பல பத்தாண்டு உழைக்கும், அப்பா வைத்திருந்த உளியை மகன் அடிப்பான். ஒரே கடை ஒரே காலத்தில் இரண்டு மூன்று உளி வைத்திருக்கும்: மோதிரத்துக்குச் சின்னது, சிகரெட் பெட்டிக்குப் பெரியது. எழுத்து வடிவம் இரண்டு பொருளை ஒரே பட்டறையோடு சேர்க்க உதவும். ஆண்டு சொல்ல உதவாது.

பட்டறைப் பெயர்கள் வந்தால் அது வேறு. தாய் நகோன், எஸ். சம்ரான், அலெக்ஸ் அண்ட் கோ போன்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். அந்தப் பெயரோடு தேதியிட்ட ரசீதோ கடைப்பெட்டியோ ஒட்டிக்கொண்டு வந்தால் அதைப் பொருளைவிடப் பத்திரமாக வையுங்கள். பெட்டியின் உள்பட்டுத் துணியில் அச்சிட்ட முகவரிதான் பல நேரம் முத்திரையைவிட அதிகம் பேசும்.

#8 பினாங்குக்கரை

புரூச்சில் இருப்பவர் மேக்கலா. மின்னலின் தேவதை, கையில் இருப்பது பளிங்கு மணி. கோடாலியோடு அவளை விரட்டும் ராமசூன் இடியின் உருவம். நம் மணிமேகலைக் காப்பியத்தில் கடல்காக்கும் மணிமேகலா தெய்வம் வருமே, பௌத்த ஜாதகக் கதைகளில் கடலில் தத்தளிக்கும் மகாஜனகனைத் தூக்கி எடுக்கும் தெய்வம், அதே மரபுதான் அங்கே போய் மின்னல் ஆகியிருக்கிறது.

மற்ற உருவங்களையும் சொல்லிவைக்கிறேன், விற்பவர்கள் எல்லாவற்றையும் "நடனக்காரி" என்று எழுதிவிடுவார்கள். மூன்று தலை யானை எராவன், அதாவது ஐராவதம். கூப்பிய கையோடு மண்டியிட்ட வானவர் தெப்பனொம். வால் மீனாகவும் உடல் பெண்ணாகவும் இருந்தால் சுவண்ணமச்சா, தாய் இராமாயணத்தில் அனுமனின் காதலி. அன்னமுகப் படகு சுபன்னஹோங் அரச ஓடம்.

உருவம் ஆண்டு தராது. மேக்கலாவை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை செய்தார்கள்.

#9 பட்டறைக்காரன்

ஆண்டு தருவது பின்பக்கம்தான், ஆனால் முத்திரை அல்ல, பொருத்துகள். வரிசையாகப் பாருங்கள்.

புரூச்: கொக்கி வெறும் "சி" வடிவ வளைவா, உருளும் பூட்டா? ஐரோப்பிய நகையில் "சி" என்றால் பழசு என்பார்கள். ஆசியக் கைவேலையில் அந்த விதி உடையும், ஏனென்றால் "சி" கொக்கியைக் கம்பியிலிருந்து அங்கேயே வளைத்துவிடலாம், காசு மிச்சம். ஆனால் உருளும் பூட்டு கடையில் வாங்கிப் பொருத்தும் சாமான். அது ஆலைப் பொருத்தாக, கீல் அச்சோடு சுத்தமாக உட்கார்ந்திருந்தால் போருக்குப் பிந்திய காலத்தின் பக்கம் சாய்வேன். ஆனால் அது பின்னால் மாற்றிய பொருத்தா என்று பாருங்கள். கொக்கியின் அடியைச் சுற்றிப் பொடி (பற்றவைக்கும் உலோகம்) வழிந்த தடம், தகட்டில் வெப்பத்தால் வந்த சாம்பல் வளையம், பக்கத்துக் கறுப்பில் கொப்புளம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பொருத்து சாட்சி சொல்ல லாயக்கில்லை.

காதணி: காது குத்தாதவர்களுக்கான திருகு வகை 1950கள்வரை பரவலாக இருந்தது. கிளிப் வகை 1930களில் வந்து 50, 60களில் ஓங்கியது. நம்மூர்போல் ஆணி நுழைக்கும் வகை மேற்குக்கு மறுபடி வந்தது 1960களுக்குப் பின். ஆகவே "சயாம் ஸ்டெர்லிங்" அடித்த ஆணித் தோடு பெரும்பாலும் 1970க்கு இப்பால், அல்லது திருகை வெட்டிவிட்டு ஆணி பற்றவைத்தது. வெட்டியிருந்தால் பின்தகட்டில் பழைய பொருத்தின் வட்டம் நிழலாகத் தெரியும்.

கஃப்லிங்க்: கம்பின் நடுவில் தோட்டா போன்ற துண்டு திரும்பும் வகை 1950கள், 60கள். அதிலேயே தனி முத்திரை இருக்கும், லூப் (உருப்பெருக்கும் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். அது அமெரிக்க உரிம (பேட்டன்ட்) எண்ணாக இருந்தால் அந்த உரிமம் வழங்கிய தேதி உங்கள் கீழ் எல்லை.

#10 கருவெள்ளி

உரிம எண் என்றதும் கேட்கிறேன். வெள்ளி உறை போட்ட லைட்டர்களுக்கும் இந்த வழி செல்லுமா?

#11 ஏலக்குறிப்பு

நன்றாகவே செல்லும். சயாம் வெள்ளி உறைக்குள் அமெரிக்க ஸிப்போ லைட்டர் இருந்தால் அடித்தகட்டைப் பாருங்கள். 2032695 என்ற உரிமம் 1936 மார்ச்சில் வழங்கியது, 2517191 என்பது 1950 ஆகஸ்டில். இரண்டாவது எண் இருந்தால் லைட்டர் 1950க்கு முன் இல்லை. 1950களின் நடுவிலிருந்து புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆண்டுக் குறி வந்தது.

ஆனால் உள்ளே இருக்கும் லைட்டர் தேய்ந்தால் வேறொன்றைச் செருகுவார்கள். உறையும் லைட்டரும் சேர்ந்து தேய்ந்திருக்கிறதா, உறையின் உள்சுவரில் பழைய லைட்டரின் உரசல் வேறு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

#12 புதுவரவு

அந்தக் கறுப்பு என்ன? எனாமலா?

#13 மாற்றுக்கல்

அதுதான் நியெல்லோ, தாய் மொழியில் தொம். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கி, பொடித்து, வெள்ளியில் வெட்டிய பள்ளத்தில் நிரப்பிச் சுட்டு, பிறகு அராவித் தேய்த்து மட்டம் செய்வது. ஆகவே கறுப்பு உலோகச் சாயல் கொண்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் காரீயம்போல் சாம்பல் மினுக்கு வரும். எனாமல் கண்ணாடி: ஆழம் தெரியும், ஓரத்தில் சில்லாக உடையும். மூன்றாவது ஒரு வகை உண்டு, கறுப்புப் பெயின்ட். அசிட்டோன் தொட்ட பஞ்சுமுனையை ஓரத்தில் வைத்தால் கறை இறங்கும். நியெல்லோ இறங்காது.

இந்த வேலைக்குத் தலைநகர் தெற்கே நகோன் சி தம்மராட். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரச வேலைக்குச் சான்று வேண்டுமென்றால், 1856இல் சயாம் மன்னர் மோங்குட் அமெரிக்க அதிபர் பியர்ஸுக்கு அனுப்பிய பரிசுகளில் பொன்பூசிய நியெல்லோ கிண்ணங்கள் இருந்தன, இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாங்காக்கிலும் 1913இல் தொடங்கிய போ சாங் பள்ளியில் இந்தக் கலை கற்பிக்கப்பட்டது.

#14 பட்டறைக்காரன்

கைவெட்டா, ஆசிட் அரிப்பா என்று பிரிப்பதுதான் எனக்கு முத்திரையைவிட முக்கியம். 10 மடங்கு லூப் போதும்.

கையால் உளி ஓட்டிய கோடு ஆங்கில "வி" போல் குவிந்த பள்ளம். தொடங்கும் இடம் மெலிந்து, நடுவில் தடித்து, வளைவில் அகலம் மாறும். ஆசிட் அரித்த தரை எங்கும் ஒரே ஆழம், ஓரம் லேசாகக் கடிபட்டதுபோல் கரடு. அதற்குமேல் இன்னொரு சோதனை: கஃப்லிங்க் ஜோடியில் இரண்டு உருவத்தையும் அருகருகே வைத்து விரல் நுனி, கிரீட நுனி, இடுப்புத் துணி மூன்றையும் ஒப்பிடுங்கள். மயிரிழை பிசகாமல் ஒத்தால் ஒரே மாதிரியிலிருந்து படியெடுத்து அரித்தது. கறுப்பு மட்டமான பிறகு முகம், நகை, துணிமடிப்பைச் சின்ன உளியால் கீறிச் சேர்ப்பார்கள். அந்த மேல்கீறல் மட்டும் துண்டுக்குத் துண்டு மாறும். கீறலைக் கண்டு மொத்தமும் கைவெட்டு என்று விலை சொல்பவர்கள் நிறைய.

படியெடுத்த அரிப்பு வேலை பாங்காக் கடைச்சரக்கில்தான் அதிகம். தெற்கத்திக் கைவெட்டுச் சாமானில் ஆங்கில முத்திரை இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம், இல்லாவிட்டால் வியப்பதற்கில்லை.

#15 பினாங்குக்கரை

அப்படியானால் மூன்றாவது பொருளுக்கு வருவோம். கருவெள்ளி, அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தபடி சொல்லுங்கள். தாய் எண்களில் 4க்கும் 5க்கும் வேறுபாடு தலைக்கோட்டில் இருக்கும் சின்னச் சுழி மட்டும்தான், 5க்கு அது கூடுதல். எண்ணுக்கு முன்னால் எழுத்துச் சுருக்கம் ஏதும் இருக்கிறதா?

#16 கருவெள்ளி

எண்: 2, 4, 7, 4 என்று படுகிறது. இரண்டாவது இலக்கம் தேய்ந்திருக்கிறது, 5 ஆகவும் இருக்கலாம். முன்னால் இரண்டு எழுத்து, ஒவ்வொன்றின் பின்னும் புள்ளி. இரண்டாவது எழுத்தின் தலையில் மட்டும் ஒரு சின்ன வால் கோட்டுக்கு மேலே நீண்டு நிற்கிறது.

#17 பினாங்குக்கரை

பௌத்த ஆண்டுதான், "போ. சோ." என்று வாசிக்க வேண்டும். தேய்ந்தது கவலையில்லை. 2574 என்றால் கி.பி. 2031, இன்னும் வரவே இல்லை. ஆகவே 2474.

கணக்கு: பௌத்த ஆண்டிலிருந்து 543 கழித்தால் கி.பி. ஆனால் 1941க்கு முன்னால் சயாமில் புத்தாண்டு ஏப்ரல் 1. பௌத்த ஆண்டு 2483க்கு ஒன்பது மாதம்தான், 1940 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. 1941 ஜனவரி 1 முதல் 2484 தொடங்கியது. ஆகவே பழைய தேதியில் மாதம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றால் 542 கழிக்க வேண்டும். உங்கள் 2474 என்பது 1931 ஏப்ரலிலிருந்து 1932 மார்ச் வரை.

இந்த 4, 5 குழப்பத்துக்கு ஒரு வழி. 2470 முதல் 2499 வரை சிக்கலே இல்லை; 5 என்று வாசித்தால் வருங்காலத்துக்குப் போய்விடும். 2456க்கு முன்னால் உள்ள எண்கள், அதாவது 2404 போன்றவை, சந்தேகத்துக்குரியவை. அரசாங்கப் பழக்கத்துக்குப் பௌத்த ஆண்டு வந்ததே 1913இல், 2456இலிருந்து. விகாரைக்குக் கொடுத்த பொருளாக இல்லாவிட்டால் 2404 என்று படும் எண் பெரும்பாலும் 2504, அதாவது 1961. நூறு ஆண்டு வித்தியாசம், விலையும் அப்படித்தான் வித்தியாசப்படும். உண்மையில் தடுமாறவைப்பது 2456க்கும் 2469க்கும் இடையில் உள்ள எண்கள் மட்டும். அங்கே இரண்டாவது இலக்கத்தை லூப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்று இலக்கம் வந்தால் ரத்தனகோசின் ஆண்டு: 1781 கூட்டுங்கள். ர.ஆ. 112 என்றால் 1893. இது 1889 முதல் 1913 வரை புழங்கியது. நான்கு இலக்கம் 12, 13 என்று தொடங்கினால் சுலசகராஜ் என்ற பழைய ஆண்டுமுறை, 638 கூட்டுங்கள்.

#18 ஏலக்குறிப்பு

ஒரு எச்சரிக்கை. வெட்டிய தேதி பரிசு கொடுத்த தேதி. சிமிழ் அதற்கு முன்னால் செய்தது, எவ்வளவு முன்னால் என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் "பாங்காக் 1967" என்று பெயரோடு வெட்டிய கைச்சங்கிலிகளில் இடைவெளி சில நாளாக இருக்கலாம், ஏனென்றால் வாங்கிய கடையிலேயே வெட்டுவார்கள். குடும்பச் சிமிழில் பல ஆண்டு ஆகியிருக்கலாம்.

அரசச் சின்னம் இருந்தால் ஆட்சிக்காலம் கிடைக்கும்: சுலாலோங்கோர்ன் 1868–1910, வஜிராவுத் 1910–1925, பிரஜாதிபோக் 1925–1935, ஆனந்த மஹிதோன் 1935–1946, பூமிபோல் 1946–2016. சின்னம் மூன்று எழுத்துச் சுருக்கம், முதல் எழுத்துத்தான் மன்னருக்கு மன்னர் மாறும். பிரஜாதிபோக்கின் முதல் எழுத்தும் பூமிபோலின் முதல் எழுத்தும் காதுக்கு நெருக்கம், கண்ணுக்கு வேறு. உச்சரிப்பை எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தாம் மன்னர் சுலாலோங்கோர்னின் சின்னத்தை நினைவுப் பொருள்களில் இன்றும் போடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

#19 புதுவரவு

கஃப்லிங்கின் வெள்ளை எனாமல் பற்றி யாரும் சொல்லவில்லையே.

#20 மாற்றுக்கல்

கறுப்பு எல்லாக் காலத்திலும் உண்டு. வெள்ளை, நீலம், பச்சை, மஞ்சள் எனாமல்கள் போருக்குப் பிந்திய கடைச்சரக்கின் அடையாளம். சிவப்பு குறைவாகக் கிடைக்கும், அதனால் விலை கூடும். அதற்காக நிறத்தை வைத்து 1952, 1958 என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், சிரித்துவிட்டு நகருங்கள்.

தரம் பார்க்க, வெட்டாமல் கொட்டாமல் ஒரு வழி. 0.01 கிராம் காட்டும் தராசு எடுங்கள். பொருளை எடை போடுங்கள். தராசின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் பொருளைக் கட்டி, அடியும் சுவரும் தொடாமல் முழுக மூழ்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது பொருளின் கன அளவு. 12.40 கிராம் புரூச் 1.24 காட்டினால் அடர்த்தி 10.0. ஸ்டெர்லிங் ஏறக்குறைய 10.3, பித்தளையும் அல்பாக்காவும் (வெள்ளிபோல் தெரியும், வெள்ளி இல்லாத கலவை) 8.4 முதல் 8.9.

நியெல்லோ வெள்ளியைவிட இலேசு, எஃகு ஊசியும் எண்ணைக் கீழே இழுக்கும், ஆகவே நியெல்லோ புரூச்சில் 9.7 முதல் 10.2 வரை வந்தால் திருப்தி. கனமான எனாமல் துண்டு 9க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், அப்போது இந்தச் சோதனை தீர்ப்புச் சொல்லாது. காற்றுக் குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைந்து வரும்; தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விடுங்கள். சிமிழுக்கு மூடியையும் அடியையும் தனித்தனியாகப் போடுங்கள்.

எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைச் சொல்வது) வைத்தால் கறுப்பு இல்லாத பின்பக்கத்தைக் காட்டுங்கள். முன்பக்கம் காட்டினால் நியெல்லோவின் ஈயமும் கந்தகமும் சேர்ந்து, வெள்ளி 70, 80 என்று வந்து எல்லோரையும் பயமுறுத்தும்.

#21 கருவெள்ளி

புரூச் பின்பக்கம் கறுத்துக் கிடக்கிறது, முத்திரையின் அடிவரி சரியாகத் தெரியவில்லை. கடையில் விற்கும் வெள்ளி முக்குத் திரவத்தில் ஒரு நிமிடம் விடலாமா?

#22 பட்டறைக்காரன்

வேண்டவே வேண்டாம் அக்கா. அந்தத் திரவம் வெள்ளியில் படிந்த கந்தகக் கறுப்பைக் கரைக்கத்தான் செய்தது. நியெல்லோவே கந்தகக் கறுப்புத்தான், இரண்டுக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. கறுப்பு சாம்பலாகிச் சொரசொரக்கும், திரும்ப வராது. அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் முறையும் அதே காரணத்தால் ஆகாது. எனாமல் துண்டை அல்ட்ராசோனிக்கில் போடாதீர்கள், மயிரிழை விரிசல் சில்லாகும்.

முத்திரையை வாசிக்க மெருகே தேவையில்லை. இருட்டறையில் டார்ச்சை தகட்டோடு தகடாகப் படுக்கவைத்து ஒளியை அடியுங்கள், நாலு பக்கமிருந்தும். எழுத்தின் சுவர் நிழலாக எழும்பும். அப்போதும் வராவிட்டால் பின்பக்கம் மட்டும், முத்திரைப் பகுதியில் மட்டும், மென்துணியில் துளி சாக்பீஸ் பொடியும் தண்ணீரும் தொட்டு விரலால் வட்டமாகத் தடவித் துடைத்துவிடுங்கள். எந்திரச் சக்கரத்தில் மெருகு ஏற்றினால் முத்திரையின் ஓரம் மழுங்கும், பிறகு யாராலும் ஒப்பிட முடியாது.

#23 கருவெள்ளி

டார்ச் வேலை செய்தது. அடிவரிக்குக் கீழே மூன்றாவது ஒரு வரி இருக்கிறது, மிகச் சின்ன எழுத்தில் "பாங்காக்". கொக்கியின் அடியில் சாம்பல் வளையம் இல்லை, பொடி வழியவும் இல்லை. கறுப்பின் தரை ஒரே ஆழம், ஓரம் கரடு. ஊசியின் கீல் தளர்ந்திருக்கிறது, ஆசாரியிடம் பொடி வைத்து ஊதச் சொல்லலாமா?

#24 ஏலக்குறிப்பு

அப்படியானால் குறிப்பு இப்படி எழுதலாம்: "பாங்காக், நியெல்லோ புரூச், அரிப்பு வேலை, மேக்கலா உருவம், முத்திரை சயாம் ஸ்டெர்லிங் பாங்காக், அசல் உருள்பூட்டு, 1945–1965 அளவில்." விற்பவர் 1939 என்று ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து வைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கஃப்லிங்குக்கு "1950–1970". சிமிழுக்கு "1931–32 அல்லது சற்று முன், நகோன் பாணி, கைவெட்டு என்றால்" என்ற நிபந்தனையோடு. மூன்றில் அதுதான் சரக்கு, அதை எவரும் கேட்கவில்லை பாருங்கள்.

#25 மாற்றுக்கல்

1965 என்று மேல் எல்லை போட எனக்குக் கை வராது. உருள்பூட்டு 1970களிலும் அதேபோலத்தான் வந்தது. "1945–1975" என்று போடுங்கள். அகலமான வரம்பு அவமானம் அல்ல.

#26 ஏலக்குறிப்பு

சரி, 1975. பாங்காக் கடைகளுக்குப் படையினர் வருகையும் அந்த வாக்கில்தான் ஓய்ந்தது. 1976இல் அமெரிக்கப் படைகள் அந்த நாட்டைவிட்டே போய்விட்டன.

#27 பட்டறைக்காரன்

கீலுக்குச் சுடர் காட்டவே கூடாது. நியெல்லோ உருகும் சூடு வெள்ளிப் பொடி ஓடும் சூட்டுக்கு வெகு கீழே. ஆசாரி வெங்காரம் தடவி ஊதத் தொடங்கியதும் முன்பக்கம் கறுப்பு கொப்புளித்து வழியும், அதிலுள்ள ஈயம் சூட்டில் வெள்ளியைத் தின்று ஓட்டை போடும். அதே பட்டறைத் தட்டில் ஒட்டிய ஈயம் அடுத்து வரும் வேறொருவரின் நகையையும் கெடுக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பல ஆசாரிகளுக்கு இது பழக்கமில்லாத சரக்கு.

கீலின் அச்சுக் கம்பியை மட்டும் தட்டி எடுத்து, மயிரிழை அளவு கூடுதலாகத் தடித்த வெள்ளிக் கம்பி போட்டு, இரு முனையையும் குளிராகவே தட்டிப் பரப்பினால் போதும். கீல் காதுகள் விரிந்திருந்தால் மூக்குக் குறடால், இடையில் தோல் துண்டு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கலாம். ஊசியே உடைந்திருந்தால் பழைய ஊசியை எறியாமல் பொட்டலத்தில் போட்டு நகையோடு வையுங்கள்.